வைவாவில் யார் பேச வேண்டும்?

கேள்வி: ஐயா, நான் சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, தெருவில் மழைநீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மீயொலி சென்சாரால் அளந்து கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறோம். வேளச்சேரியில் என் சித்தி குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில், 2 மீட்டர் உயரத்தில் அதைப் பொருத்தினோம். தலைப்பு 'வெள்ள முன்னறிவிப்புக் கருவி'. இன்னும் 12 நாளில் இறுதி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. 10 நிமிடம் பேச வேண்டும், பிறகு கேள்விகள்.

புரோகிராம் முழுவதும் நான் எழுதியது. ஆனால் ஆங்கிலம் சரளமாகப் பேசும் நண்பனே எல்லாவற்றையும் பேசட்டும் என்று குழுவில் முடிவாகிவிட்டது. எங்களை வழிநடத்தும் ஆசிரியரான கைடும் தலையசைத்துவிட்டார். மின்சுற்றுப் போர்டும் ஸ்லைடுகளும் ஒரு தோழியின் வேலை. நான்காவது நண்பன் மாலையில் டெலிவரி வேலைக்குப் போகிறவன். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பொருள் வாங்கி வந்ததும், அளவுகளைக் கையால் எடுத்து நோட்டில் குறித்ததும் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கும் சம பங்கு கொடுப்பது நியாயமா?

இன்னொரு சிக்கல். மழையே இல்லாத மார்ச் மாதத்தில், மதியம் 2 மணிக்கு வாசலில் 4, 5 செ.மீ. தண்ணீர் ஏறியதுபோல் கருவி காட்டுகிறது. இரவில் சரியாகிவிடுகிறது. அடுக்ககத்தின் சம்ப்பில் (நிலத்தடி நீர்த்தொட்டியில்) வைத்துச் சோதித்தபோது இந்தக் கோளாறு இல்லை. பகல் அளவுகளை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் காட்டலாம் என்கிறார்கள். எல்லாவற்றையும் கிட்ஹப்பில் (புரோகிராம்களைப் பொதுவில் பகிரும் இணையதளத்தில்) போடலாம் என்று நான் சொன்னால், ஜூனியர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த மதிய நேரத்துத் தண்ணீரைப் பேசிவிடுவோம். நீங்கள் மறைக்கப் பார்ப்பது அதைத்தான். உங்கள் உழைப்பில் நான் ஆசையோடு கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைத்தான்.

புரோகிராமைத் திறந்து பாருங்கள். எங்காவது ஒரு வரியில் 0.034 என்ற எண் இருக்கிறதா? காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் இந்த வகை மீயொலி சென்சாருக்குப் பெரும்பாலானோர் எடுத்தாளும் வரி அது. ஒலி ஒரு மைக்ரோ வினாடியில் 0.034 செ.மீ. போகும், அதாவது வினாடிக்கு 340 மீட்டர் என்று அந்த வரி நம்புகிறது. காற்று சூடானால் ஒலி இன்னும் வேகமாகப் போகும் என்பது அதற்குத் தெரியாது. 0 டிகிரியில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். இரவில் 25 டிகிரி என்றால் வேகம் 346 மீட்டர். மதியம், தார்ச்சாலைக்கு மேலே நிற்கும் காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 355 மீட்டர். எப்போதும் 340 என்றே கணக்குப் போடும் கருவி, 2 மீட்டர் கீழே இருக்கும் அதே தரையை இரவில் 196.5 செ.மீ. தூரத்தில் இருப்பதாகவும், மதியம் 191.5 செ.மீ. தூரத்தில் இருப்பதாகவும் சொல்லும். இரவு அளவைத் தரையாக வைத்துப் பார்த்தால், மதியம் தரை 5 செ.மீ. மேலே வந்ததுபோல் தெரிகிறது. அதைத்தான் கருவி தண்ணீர் என்று படித்திருக்கிறது. மூடிய சம்ப்புக்குள் காற்றின் சூடு பகலுக்கும் இரவுக்கும் அவ்வளவாக மாறாது. அங்கே கோளாறு தெரியாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் எழுதுகிறேன். உங்கள் கருவியை நான் பார்க்கவில்லை. 12 நாள் கையில் இருக்கிறது, நீங்களே சோதித்துவிடுங்கள். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார், நீர்புகாத உலோக உறையுடன் ரிச்சி தெருவில் கிடைக்கும். அதைக் கருவியின் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பெட்டியின் சூட்டைத்தான் காட்டும். வெளியே, நேர் வெயில் படாமல் தொங்கவிடுங்கள். மூன்று நாள் இரவும் பகலும் வெப்பநிலையையும் தூரத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சூடு ஏற ஏறத் தூரம் குறைந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். பிறகு 0.034 இருந்த இடத்தில் வெப்பநிலையிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் வரியைப் போட்டு, அதே மூன்று நாள் அளவுகளை மறுபடி கணக்கிடுங்கள். மதியம் தண்ணீர் ஏறியதுபோல் வரைபடத்தில் தெரியும் அந்த மதிய மேடு முழுவதும் சமமாகாமல் ஒரு சென்டிமீட்டரோ ஒன்றரையோ மிஞ்சலாம். ஏனென்றால் தரையை ஒட்டிய காற்றின் சூடு வேறு, 2 மீட்டர் மேலே இருக்கும் காற்றின் சூடு வேறு. ஒற்றை சென்சாரால் இரண்டையும் அறிய முடியாது. மிஞ்சியது எவ்வளவோ அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பகல் அளவுகளை நீக்கிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு நேர்கோடு. நான் 20 ஆண்டுகளுக்கு மேல் வெளித்தேர்வாளராகப் பல கல்லூரிகளில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பழுக்கில்லாத நேர்கோட்டைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். இறுதியாண்டு புராஜெக்டுகளைச் செய்து விற்கும் கடைகள் இந்த ஊரில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே வாங்கிய கருவி வைவா அன்று அழகாக வேலை செய்யும், அது எங்கே தவறும் என்பது மட்டும் வாங்கியவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். வேளச்சேரியில், மார்ச் வெயிலில், மதியம் 2 மணிக்குத் தவறும். இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அடுத்தது அந்த நான்காவது நண்பர். உங்கள் கடிதத்தில் என்னைச் சற்று வருத்தியது அந்த 'ஒன்றும் செய்யவில்லை' என்ற சொல்தான்.

இல்லையம்மா. அவர் கையால் எடுத்த அளவுகள் இல்லையென்றால் உங்களிடம் புராஜெக்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. கருவி 5 செ.மீ. என்று சொன்னபோது அது தவறு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தரை காய்ந்து கிடந்ததை ஒருவர் நேரில் பார்த்து நேரத்தோடு எழுதி வைத்திருந்ததால்தான். சம்ப்பில் கருவி சரியாகச் சொல்கிறது என்று எந்தத் துணிவில் சொல்கிறீர்கள்? அவர் குச்சியோ டேப்போ விட்டு அளந்த அளவு பக்கத்தில் இருப்பதால். ஒரு சென்சார் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளாது. மனிதன் அளந்த அளவோடு ஒப்பிட்ட பிறகுதான் அதன் எண்ணுக்கு மதிப்பு. தேர்வாளர் தெளிவானவராக இருந்தால் இரண்டாவது கேள்வியாகவே கேட்பார்: "இது சரியென்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" அந்த நேரத்தில் உங்கள் புரோகிராமாலும் உங்கள் தோழியின் போர்டாலும் குழுவைக் காப்பாற்ற முடியாது. மாலையெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து அளவெடுத்துக் குறித்தவரின் நோட்டுதான் காப்பாற்றும்.

ரிச்சி தெருவில் பொருள் வாங்குவதையும் சின்ன வேலையாக எண்ண வேண்டாம். அந்தச் சந்துகளில் கடை கடையாக ஏறி இறங்கி, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சென்சார்களில் மழை தாங்கும் வகையைக் கேட்டு வாங்கி, வேலை செய்யாததைத் திருப்பிக் கொடுத்து மாற்றி வருவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எவ்வளவு செலவானது, எத்தனை சென்சார் பழுதானது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அறிக்கையில் செலவுப் பட்டியல் சரியாக இருந்தால் அது அவருடைய கணக்கு.

ஆகவே சம பங்கு கொடுப்பது நியாயமா என்ற கேள்விக்கே இடமில்லை. கொடுக்காவிட்டால்தான் அநியாயம். உண்மையாகவே வேலை செய்யாமல் பெயரை மட்டும் ஒட்டிக்கொள்கிறவர்களும் குழுக்களில் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அவர்களைப் பற்றிக் கைடிடம் முதல் ரிவ்யூ சமயத்திலேயே சொல்லிவிட வேண்டும், கடைசி வாரத்தில் சொல்வது பழி தீர்ப்பதுபோல் ஆகிவிடும். உங்கள் நண்பர் அந்த வகை இல்லை.

சரி, யார் பேசுவது? அவரவர் கை பட்ட பகுதியை அவரவர் பேச வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன், புறநகரில் ஒரு கல்லூரியில் உங்களுடையதைப் போன்றே ஒரு குழு வந்தது. ஒரு மாணவர் 10 நிமிடம் தங்குதடையின்றி ஆங்கிலத்தில் பேசினார். மற்ற மூவரும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மேசைக்குப் போய், போர்டில் சென்சாருக்கும் கட்டுப்பாட்டு சிப்புக்கும் நடுவே இருந்த இரண்டு ரெசிஸ்டர்களைத் தொட்டு, "இவை எதற்கு?" என்று கேட்டேன். பேசியவருக்குத் தெரியவில்லை. ஏதோ சமாளித்தார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவரின் கால் லேசாக முன்னே வந்து திரும்பப் பின்னே போனது. "நீங்கள் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லலாம்" என்றேன். "சென்சார் 5 வோல்ட் அனுப்பும், இந்தச் சிப் 3.3 வோல்ட்தான் தாங்கும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் வைத்துப் பிரித்தால் சரியாக 3.3 கிடைக்கும். முதலில் நேராகக் கொடுத்து ஒரு சிப்பைப் பொசுக்கிவிட்டோம் ஐயா" என்றார். மூன்றே வாக்கியம். அந்தக் குழுவுக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த மூன்று வாக்கியத்துக்குத்தான். ஆனால் அன்று நான் அந்த ரெசிஸ்டரைத் தொடாமல் போயிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார். நான்கு ஆண்டுப் படிப்பை முடித்து, தன் கையால் செய்த ஒன்றைப் பற்றிப் பேசாமலே வெளியே போயிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

சரளமாகப் பேசும் உங்கள் நண்பரை இதற்காக ஒதுக்க வேண்டாம். அவருக்கு மற்ற மூவரைவிட நன்றாக வரும் வேலை ஒன்று இருக்கிறது: தொடக்கம். அறைக்குள் இருப்பவர்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. முதல் ஸ்லைடிலேயே கட்டப்படம், முந்தைய ஆய்வுகளின் பட்டியல் என்று ஆரம்பிக்காதீர்கள். சித்தி வீட்டு வாசலின் படத்தைப் போடுங்கள். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் மழை பெய்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று சித்தியையே சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லி, தரையிலிருந்து அந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களும் படத்தில் இருக்கட்டும். அங்கே தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வேளச்சேரி ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது, அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும். 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் பெற்ற அந்தச் சதுப்பு நிலம், சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து சுருங்கிப்போனது. வடிய வழி குறைந்த நீர் தாழ்வான தெருவில்தான் நிற்கும். தெருவில் வெள்ளம் அளக்கும் கருவி செய்த பல குழுக்களிடம், அந்த நீர் எங்கே போக வேண்டியது என்று கேட்டிருக்கிறேன். விடை வந்ததே இல்லை.

பிறகு தோழி போர்டைப் பற்றிச் சொல்லட்டும், நீங்கள் புரோகிராமைச் சொல்லுங்கள். அதன்பின் நோட்டு நண்பர் தன் அளவுகளையும் கருவியின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டட்டும். மதிய மேடு திரையில் வரும்போது, "இதைத்தான் நான் வாசலில் நின்று பார்த்தேன், தரை காய்ந்திருந்தது" என்று அவர் சொல்ல, காரணத்தை நீங்கள் எடுத்துச் சொல்லி முடிக்க வேண்டும். நிமிடங்களைச் சமமாகப் பங்கிட வேண்டியதில்லை. போர்டுக்கு ஒன்றரை நிமிடம் போதும். மதிய மேட்டுக்கு மூன்று நிமிடம் கொடுங்கள்.

இந்தத் திட்டத்தை ஒரே தாளில் எழுதி, நான்கு பேரும் சேர்ந்து போய்க் கைடிடம் காட்டுங்கள். அவர் தலையசைத்தது அந்த நேரத்தில் யாரும் வேறு யோசனை சொல்லாததால் இருக்கலாம். எழுத்தில் ஒழுங்காக வந்தால் மறுக்கும் ஆசிரியர்கள் குறைவு. குழுவில் பேச்செடுக்கும்போது, "அவனே ஏன் பேச வேண்டும்?" என்று தொடங்காதீர்கள். "ரெசிஸ்டரைப் பற்றிக் கேட்டால் யார் சொல்வது?" என்று தொடங்குங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். மனப்பாடம் மட்டும் வேண்டாம். பத்தி பத்தியாக உருப்போட்டால் ஒரு சொல் மறந்தாலும் முழுவதும் சரிந்துவிடும். உங்கள் மூன்று நிமிடத்துக்கு ஏழெட்டுச் சின்ன வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். கடினமான சொல் ஒன்றும் வேண்டாம். வரைபடத்தின் பக்கத்தில் நின்று, விரலை அந்த மேட்டின் மேல் வைத்துப் பேசுங்கள். கண்கள் வரைபடத்திலிருந்தால் சொற்கள் தாமாக வரும். மொட்டைமாடியில் உரக்கப் பேசி, கைபேசியில் பதிந்து, ஒரு நாளைக்கு மூன்று முறை கேளுங்கள். கேள்வி நேரத்தில் தடுமாறினால், தமிழில் சொல்லலாமா என்று அனுமதி கேளுங்கள். அப்படிக் கேட்ட ஒருவரையும் நான் மறுத்ததில்லை. வோல்ட்டேஜ், எக்கோ, டிலே என்று துறைச் சொற்கள் எப்படியும் அதே சொற்கள்தான்.

தேர்வாளர் யாரை நோக்கியும் எதையும் கேட்கலாம். அதனால் ஒரு மாலை முழுவதும் மாற்றி விளக்கிப் பழகுங்கள். போர்டை நோட்டு நண்பர் விளக்கட்டும், புரோகிராமைத் தோழி விளக்கட்டும். எங்கே திணறுகிறீர்களோ அங்கே செய்தவர் சொல்லிக்கொடுக்கட்டும்.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் கருவி நின்ற நீரை அளக்கிறது, வரப்போகும் நீரைச் சொல்லவில்லை. 'முன்னறிவிப்பு' என்ற சொல்லைத் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். பதிவான தலைப்பை இப்போது மாற்ற முடியாது என்றால், முதல் நிமிடத்திலேயே "இது நீர்மட்டத்தை அளந்து எச்சரிக்கும் கருவி, மழைநீரில் இன்னும் சோதிக்கவில்லை" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

செய்து காட்டும்போது பலர் வாளியைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒலி விரிந்துகொண்டே இறங்குவதால் வாளியின் விளிம்பில் பட்டுத் திரும்பி, தண்ணீருக்கு முன்பே எதிரொலித்துவிடும். அகலமான டப் கொண்டுபோங்கள். ஒற்றைக் கண் உள்ள நீர்புகா வகை சென்சார் என்றால் முகத்துக்கு நேரே சுமார் 20 செ.மீ. வரை அதற்குப் பார்வை இல்லை, அந்த இடைவெளியை விட்டுப் பிடியுங்கள். கல்லூரி வைஃபையை நம்ப வேண்டாம், உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே புரோகிராமில் சேர்த்துவையுங்கள். வீட்டு வாசலில் கருவி வேலை செய்த ஒரு நிமிட வீடியோவும் பென் டிரைவில் இருக்கட்டும்.

இனி கிட்ஹப். ஜூனியர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள் உங்கள் நண்பர்கள். எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். அதற்கு இந்த ஊருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது.

நம் கல்லூரிகளில் இறுதிப் பருவம் சனவரி வாக்கில் தொடங்கி ஏப்ரல், மே மாதத்தில் முடிகிறது. சென்னைக்குப் பெருமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆண்டுதோறும் இந்த நகரத்தில் எத்தனையோ மாணவர்கள் வெள்ளக் கருவிகளைக் காய்ந்த மாதங்களில் செய்து, காய்ந்த தரையில் சோதித்து, மதிப்பெண் வாங்கி, மே மாதத்தில் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். மழை வரும்போது செய்தவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு குழு 0.034இலிருந்து மறுபடி தொடங்கும், ஒரு சிப்பைப் பொசுக்கும், அதே மதிய மேட்டைக் கண்டு குழம்பும், அதை மறைத்தும்விடும். நவம்பர் மழையில் சென்சாரின் முகத்தில் நீர்த்துளி நின்றால் என்ன ஆகும், தெருவில் அலையடிக்கும் நீரில் அளவு எவ்வளவு துள்ளும் என்பதெல்லாம் கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போகிறது. உங்கள் ஜூனியர் ஒருவர் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து ஆகஸ்டில் தொடங்கினால், நீங்கள் பார்க்காத மழையை உங்கள் கருவி பார்க்கும். அந்த வாய்ப்பைப் பூட்டி வைக்காதீர்கள்.

களவு போகும் என்ற பயத்துக்கும் விடை உண்டு. எந்த வரி எந்த நாளில் யார் கணக்கிலிருந்து சேர்ந்தது என்பதைக் கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் என்ற பதிவு முறை வைத்திருக்கும். நான்கு பேரும் அவரவர் பகுதியை அவரவர் கணக்கிலிருந்தே ஏற்றுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரியால் கணக்குத் தொடங்காதீர்கள், படிப்பு முடிந்ததும் பல இடங்களில் அதை மூடிவிடுவார்கள். பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தைத் தவறாமல் போடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. உரிமம் ஏதும் குறிப்பிடாமல் விட்டால் பிறர் பார்க்கலாமே தவிர, எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி இல்லை. எம்ஐடி உரிமம் என்றால் உங்கள் பெயர்களும் உரிமக் குறிப்பும் அழியாமல் இருக்கும் வரை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். ஜிபிஎல் என்ற உரிமம் என்றால் மாற்றி வெளியிடுகிறவரும் அதேபோல் திறந்தே வெளியிட வேண்டும். உங்கள் நண்பர்களின் மனநிலைக்கு ஜிபிஎல் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. நால்வரும் சேர்ந்து செய்ததால் நால்வரின் சம்மதமும் வேண்டும். கல்லூரிக்கு இதில் ஏதேனும் விதி இருக்கிறதா என்று கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புரிமை எண்ணம் யாருக்காவது இருந்தால், பொதுவில் வெளியிடும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விடும். மீயொலியால் நீர்மட்டம் அளப்பது பழைய முறை என்பதால் உங்களுக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

ஏற்றும் முன் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். புரோகிராமில் சித்தி வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும், செய்தி அனுப்பும் சேவையின் ரகசியச் சாவியும், எச்சரிக்கை போக வேண்டிய குடும்பங்களின் கைபேசி எண்களும் இருக்கும். அவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றி, அந்தக் கோப்பை மட்டும் ஏற்றாமல் விடுங்கள். ஒருமுறை ஏற்றிவிட்டுப் பிறகு அழித்தால் போதாது, பழைய பதிப்புகளில் அது அப்படியே கிடக்கும். அப்படி ஆகியிருந்தால் கடவுச்சொல்லையும் சாவியையும் உடனே மாற்றுங்கள். எண்களை மாற்ற முடியாது, அதனால் அவற்றில் இரட்டிப்புக் கவனம் தேவை.

விளக்கக் குறிப்பைத் தமிழிலும் எழுதுங்கள். எழுதியதை இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் பொருள்களோடு கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஒரு வரி குறைகிறது. சிப் ஏதாவது பொசுங்கியிருந்தால் அது, மாற்றிய சென்சார், ஆன செலவு எல்லாம் அதில் இருக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பிரதியை ஸெனோடோவில் சேர்த்துவிடுங்கள். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் இலவசச் சேமிப்பகம் அது. அங்கே உங்கள் வேலைக்கு நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கும், நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைக் குறிப்பிடலாம்.

கல்லூரிக்கு வெளியே நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள்: சித்தியின் அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள். கம்பத்தில் பெட்டியை மாட்ட இடம் கொடுத்தார்கள், சம்ப் மூடியைத் திறந்துவிட்டார்கள், எதற்கென்று கேட்காமல் கைபேசி எண்ணைத் தந்தார்கள். வைவா முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, நால்வரும் அந்த அடுக்ககத்துக்குப் போய், கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு அவர்களுக்கும் காட்டுங்கள். அங்கே ஸ்லைடு வேண்டாம். டப்பில் தண்ணீர் ஊற்றுங்கள், அவர்களின் கைபேசியிலேயே செய்தி வரட்டும். மதிய மேட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள், இதை இங்கேயே விட்டுப் போகிறீர்களா என்று. ஆசைப்பட்டு உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். பேட்டரியை யார் மாற்றுவது, சென்சாரின் முகத்தில் சிலந்தி வலை பின்னினால் யார் துடைப்பது, இணைய இணைப்புக்கு யார் பணம் கட்டுவது என்று கேளுங்கள். அந்த அடுக்ககத்தில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றால் விடுங்கள். இல்லையென்றால் அன்றே கழற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். செத்துப்போன கருவி நவம்பர் இரவில் 'தண்ணீர் இல்லை' என்று காட்டிக்கொண்டிருந்தால், அதை நம்பி ஒரு வயதானவர் தரைத்தளத்தில் தூங்கிவிடக்கூடும். விட்டு வந்தாலும், இது மாணவர்கள் செய்த சோதனைக் கருவி என்றும், அரசின் எச்சரிக்கைகளைத்தான் பின்பற்ற வேண்டும் என்றும், மாநகராட்சியின் உதவி எண் 1913 என்றும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள்.

நோட்டை ஸ்கேன் செய்து மற்ற கோப்புகளோடு சேர்க்க மறக்காதீர்கள். கைபேசிக் கேமராவே போதும், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். அழகாகத் திரும்ப எழுதித் தரச் சொல்லாதீர்கள். அடித்துத் திருத்திய எண்கள், ஓரத்தில் கிறுக்கிய நேரம், கசங்கிய பக்கம் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். முதல் பக்கத்தில், எழுதியவரின் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.